தனியாகச் செய்துகொள்ளலாம்

என் முதுகுவலிக்கு யோகா கற்றுக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னது என் கணவர்தான். அவர் எலெக்ட்ரீஷியன். சோழவரம் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக, சுற்றிலும் உயரமான மதில் எழுப்பி, வாசலில் செக்யூரிட்டி போட்ட வில்லாக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. கட்டி முடித்த நாளிலிருந்து அங்கே ஒயரிங், மோட்டார், தெருவிளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு நாள் காலையில் கிளப் ஹவுஸ் மாடியில் ஃபேன் மாட்டப் போனவர், வீட்டுக்கு வந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே, தான் பார்த்ததைச் சொன்னார்.

“பத்து பேரு பாய் போட்டுக்கினு செய்றாங்க. ஆனா ஒருத்தரு செய்றத இன்னொருத்தரு செய்யல. அந்த மேடம் சும்மா நடுவுல நடந்துக்கினே இருக்குது. யாரும் பேசல. மூச்சு சத்தம் மட்டும் புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்குது.”

யோகா என்றால் மேடையில் ஒருவர் செய்ய, கீழே எல்லோரும் பார்த்துச் செய்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். டிவியில் அப்படித்தான் வரும். அவர் வெறுமனே பார்த்துவிட்டு வரவில்லை. வேலை முடிந்ததும் அந்த டீச்சரிடம் போய், என் சம்சாரத்துக்கு முதுகுவலி, வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக வரச் சொல்லுங்கள் என்று அவரும் சொல்லிவிட்டாராம்.

எனக்கு வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் ஒரு கம்பெனியில். வெள்ளை விளக்குக்கு அடியில் நின்றபடி ஒவ்வொரு வளையமாக விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பிசிறோ கீறலோ இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்த நான், கல்யாணம், பிரசவம் எல்லாம் தாண்டி அதே விளக்குக்கு அடியில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியதாயிற்று. இஎஸ்ஐ டாக்டர் மாத்திரையும் இடுப்பு பெல்ட்டும் கொடுத்தார். நிற்காத வேலையாகப் பார்த்துக்கொள் என்றார். அப்படியொரு வேலை எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

டீச்சர் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். மைசூருக்குப் பலமுறை போய், மாதக்கணக்கில் தங்கி அஷ்டாங்க யோகம் கற்றுக்கொண்டு வந்தவர். வீடு அந்தக் குடியிருப்பிலேயே. முதல் நாள் என்னைக் கவிழ்ந்து படுக்கச் சொல்லி, முதுகில் உள்ளங்கையை வைத்து, வலி எந்த இடத்தில் தொடங்குகிறது, எங்கே போய் முடிகிறது என்று நிதானமாகக் கேட்டார். எந்த டாக்டரும் அதுவரை என்னைத் தொட்டுக் கேட்டதில்லை. பிறகு எழுப்பி, சூரிய நமஸ்காரத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். நாலைந்து தடவை செய்தேன். அவ்வளவுதான், படுத்துக்கொண்டு ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்பு என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மறுநாளும் அதேதான். அடுத்த வாரமும் அதேதான்.

அந்த முறையே அப்படி. யாரும் முன்னால் நின்று செய்துகாட்ட மாட்டார்கள். வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொண்டு அவரவர் மூச்சுக்கு அவரவர் செய்ய வேண்டும். காலை வகுப்பு நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், முடித்ததும் போகலாம். இருக்கிற ஆசனத்தில் உடம்பு நிலையாக நின்றுவிட்டது என்று டீச்சருக்குத் தோன்றினால்தான் அடுத்ததைத் தருவார். அதுவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பக்கத்துப் பாயில் ஒருவர் காலைத் தலைக்குப் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாம் குனிந்து கால் கட்டைவிரலைத் தேடிக்கொண்டிருப்போம். நான் முதல் வாரம் எல்லோரையும் வேடிக்கை பார்த்தேன். டீச்சர் வந்து காதோரம் மெல்லச் சொன்னார்: “யாரையும் பாக்காதேம்மா. உன் பாய் மட்டும்தான் உனக்கு.”

எனக்கு அந்த முறை பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. கம்பெனியில் என் கையின் வேகத்தை மிஷின் தீர்மானிக்கிறது. மிஷினின் வேகத்தைச் சுவரில் தொங்கும் டார்கெட் போர்டு தீர்மானிக்கிறது. வீட்டிலோ குக்கரும் பள்ளி வேனும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே யாரோ ஒருவருடைய வேகத்துக்கு ஓடிக்கொண்டே இருந்தவள் நான். அந்த மாடியில்தான் என் மூச்சு முடியும்வரை மற்றதெல்லாம் காத்திருந்தது. ஷிப்ட் வேலைக்கும் அது பொருந்தியது. மதிய ஷிப்ட் வாரத்தில் விடிந்ததும் போய்விடுவேன். நைட் ஷிப்ட் வாரத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அங்கே போவேன். காலை ஷிப்ட் வாரத்தில் மட்டும் போக முடியாது. வீட்டிலேயே கொஞ்சம் செய்துகொள்வேன்.

நின்றபடி செய்யும் ஆசனங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பிறகு உட்கார்ந்து குனிபவை. அப்புறம் மரீச்யாசனம். ஒரு காலை மடித்து, உடம்பை முழுக்கத் திருப்பி, கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் என் விரல்கள் பின்னால் காற்றைத் தேடிக்கொண்டிருந்தன. டீச்சர் ஒவ்வொரு நாளும் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குவார். ஒருநாள் நுனி விரல்கள் தொட்டன. அவர் அவற்றைக் கொக்கிபோல மாட்டிவிட்டு, “பிடிச்சிட்டே. விடாதே, மூச்சு விடு” என்றார். அந்த ஐந்து மூச்சு நேரம் அவர் கை என் தோளில் இருந்தது. அன்று பஸ்ஸில் போகும்போது என் கைகளை நானே பார்த்துக்கொண்டு போனேன்.

வலி குறைந்தது. ஷிப்ட் முழுக்க பெல்ட் இல்லாமல் நிற்க முடிந்தது. அவர் நல்ல டீச்சர். இதை நான் எங்கே சொன்னாலும் சொல்வேன்.

மற்றவர்களை அவர் “நீங்க” என்றும் என்னை மட்டும் “நீ” என்றும் சொல்வதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களில் என்னைவிட இளையவர்களும் இருந்தார்கள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டில்தான் முதலில் பேஜாரானது. நாங்கள் கிறிஸ்தவர்கள். வகுப்பு தொடங்கும்போது ஒரு சமஸ்கிருத சுலோகம் சொல்வார்கள் என்பது எப்படியோ என் மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு சும்மாதான் நிற்கிறேன் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. டீச்சரிடம் இதை முதல் வாரமே சொல்லியிருந்தேன். விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டாம், மூச்சை மட்டும் கவனி என்று அவர் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பிரசங்கத்தில், அந்நிய தேவர்களிடம் உடம்பு சுகத்துக்காகப் போகிற சகோதரிகளைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லவில்லை. எங்கள் காலனியில் பெயர் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. மறுநாள் விடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். என் கணவர் அவர் அம்மாவிடம், “அது இடுப்பு அது. நீ தூக்கிக்கினு நடக்கப் போறியா?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த ஒரு விஷயத்துக்காக அவரை நான் எப்போதும் மெச்சுவேன்.

இரண்டாவது வருடம் குடியிருப்பின் சங்கத்துக்குப் புதிய நிர்வாகிகள் வந்தார்கள். ஒரு நாள் மெயின் கேட்டில் செக்யூரிட்டி என்னை நிறுத்தினார். எங்கள் பக்கத்துக் கிராமத்துக்காரர்தான். தலையைச் சொறிந்துகொண்டு, சைடு கேட் வழியாக வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். சைடு கேட் என்பது வீட்டுவேலை செய்பவர்களும் குப்பை வண்டியும் போகிற வழி. அங்கே பையைத் திறந்து காட்ட வேண்டும். என் பையில் பாயும் துண்டும் யூனிஃபாரமும் இருந்தன. காட்டினேன். டீச்சரிடம் சொன்னபோது, அது சும்மா ஃபார்மாலிட்டி, எல்லோருக்கும் அப்படித்தான் என்றார்.

எல்லோருக்கும் அப்படி இல்லை. எங்கள் வகுப்பில் வெளியாள் நான் மட்டும் அல்ல. ரெட்ஹில்ஸிலிருந்து ஒரு பல் டாக்டர் அம்மா காரில் வருவார். அந்தக் கார் மெயின் கேட்டில் நுழைவதை, பையைத் திறந்து வைத்துக்கொண்டு நான் பல நாள் பார்த்தேன்.

பிறகு கிளப் ஹவுஸ் பாத்ரூமில் ‘குடியிருப்போருக்கு மட்டும்’ என்று ஒரு பலகை தொங்கியது. நைட் ஷிப்ட் முடித்து நேரே வருகிறவள் அங்கேதான் யூனிஃபாரத்தை மாற்றுவேன். அன்றிலிருந்து கம்பெனியிலேயே மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அப்புறம் ஒரு நாள், நான் வழக்கமாகப் போடும் ஜன்னலோர இடத்தில் வேறு பாய் இருந்தது. செருப்பு விடும் அலமாரிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று ஓர் அம்மாள் எனக்குக் கைகாட்டினார். சங்கச் செயலாளரின் மனைவி அவர். ஒருமுறை என்னிடம், நீங்கள் ஏன் சுலோகம் சொல்வதில்லை என்று சிரித்த முகத்தோடு கேட்டவர். நான் அலமாரிப் பக்கம் பாயை விரித்தேன். உன் பாய் மட்டும்தான் உனக்கு என்று சொன்ன டீச்சர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நடுவில் நடந்துகொண்டிருந்தார்.

ஒரு மழைக்காலக் காலை, முடித்துவிட்டுப் பாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் இரு, பேச வேண்டும் என்றார் டீச்சர். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தேன். அடுத்த ஆசனத்தைத் தரப்போகிறார் என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். நீ ரொம்ப நன்றாக வந்துவிட்டாய் என்றார். இனி நான் அவரை நம்பி இருக்கத் தேவையில்லை என்றார். மைசூரில் அவருடைய குருவும் இப்படித்தான் சிலரை அனுப்பிவைப்பாராம்.

“இந்த முறையோட அழகே அதுதாம்மா. டீச்சர் இல்லாமலே செய்யலாம். நீ வீட்லயே தனியா செஞ்சுக்கலாம். வாரம் ஒருநாள் வீடியோ கால் போடு, நான் பாத்துச் சொல்றேன்.”

நான் கொஞ்ச நேரம் அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். பட்டம் வாங்கியதுபோல் இருந்தது. பிறகு அவர் கண்கள் என்மேல் நிற்காமல் கதவுப் பக்கம் போய்வருவதைக் கவனித்தேன்.

“நாளையிலேர்ந்து வர வேணாமா மேடம்?” என்று கேட்டேன்.

“ஹால் அவங்களோடது. வெளியாளுங்க வரக்கூடாதுன்னு ரூல் போட்டுட்டாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்.”

“டாக்டரம்மா?”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை எப்போதும்போல் கதகதப்பாகத்தான் இருந்தது. நான் மெதுவாக என் கையை எடுத்துக்கொண்டேன். நன்றி மேடம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஏன் நன்றி சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பழக்கம்தான்.

வீட்டில் என் கணவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார் என்று நினைத்தேன். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். பிறகு, “நீ எதுவும் கேட்டுக்கினு அங்க போய் நிக்காத. அந்த ஊட்டுங்க வேலைய வச்சிதான் நம்ம வண்டி ஓடுது” என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் அந்தக் குடியிருப்பில் ஏதோ மோட்டார் ரிப்பேர் என்று கிளம்பிப் போனார். திரும்பி வந்து, பல் டாக்டரின் கார் உள்ளேதான் நின்றது என்று நான் கேட்காமலே சொன்னார். என் மாமியாருக்கு மட்டும் சந்தோஷம். கர்த்தரே உன்னை வெளியே கொண்டுவந்தார் என்றார்.

என் அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. அந்தக் குடியிருப்பு நிற்கிற இடம் முன்பு கழனி. அம்மா அதில் கூலிக்கு நாற்று நட்டிருக்கிறார். சொன்னால் எனக்கு ஆறுதல் கிடைத்திருக்காது. ‘அங்க இன்னாத்துக்குப் போன?’ என்றுதான் கேட்டிருப்பார்.

வீட்டில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் பாயை விரித்தால் கையை முழுக்க நீட்ட முடியாது. குறுக்காகப் போட்டுச் செய்தேன். முதல் மாதம் வாரம் ஒரு முறை டீச்சர் வீடியோ காலில் பார்த்தார். தோளைக் கீழே இறக்கு, மூச்சு அவசரமாக இருக்கிறது என்று சொல்வார். சரியாகத்தான் சொல்வார். பிறகு அவருக்கு வேலை வந்தது, விருந்தாளி வந்தார்கள், ஊருக்குப் போனார். நான் அனுப்பிய செய்திகளில் நீல டிக் மட்டும் விழுந்தது. கேட்டுக் கேட்டு வாங்குவது எனக்குப் பிடிக்காது. நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் செய்வதை நிறுத்தவில்லை. நிறுத்தலாம் என்று ஒருமுறை கோபத்தில் பத்து நாள் விட்டுப்பார்த்தேன். பஸ் கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கி வைக்கிற நிலைமை திரும்ப வந்தது. கோபத்தைக் காட்ட எனக்கு இருந்த ஒரே இடம் என் முதுகுதான் என்று தெரிந்ததும், பாயை எடுத்து விரித்தேன். கசப்போடு செய்தேன். கைகளைப் பின்னால் கோத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அந்த மாடியும் சைடு கேட்டும் நினைவுக்கு வரும். யோகா செய்தால் மனம் அமைதியாகும் என்கிறார்கள். என் முதுகு மட்டும்தான் சரியானது.

இரண்டு வருடம் போயிருக்கும். யோகா தினத்துக்கு எங்கள் கம்பெனியில் நிகழ்ச்சி வைத்தார்கள். கேன்டீன் ஷெட்டில் ஜமக்காளம் விரித்து, எல்லோருக்கும் கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட் கொடுத்து உட்காரவைத்தார்கள். சிறப்பு விருந்தினராக வந்து இறங்கியவர் டீச்சர். மைக்கில் பேசும்போது என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. என் பழைய மாணவி இங்கே இருக்கிறார், அவர் மேடைக்கு வந்து செய்துகாட்டினால் எல்லோருக்கும் ஊக்கமாக இருக்கும் என்றார். எச்ஆர் மேனேஜர் என் பக்கம் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். சுற்றிலும் கைதட்டினார்கள்.

நான் எழுந்து நின்று, “எனக்கு ஒண்ணும் தெரியாது சார். மறந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பொய்யில் எனக்குக் கொஞ்சம் திருப்தி கிடைத்தது. அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. மேனேஜர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் டீச்சர் என்னைத் தேடி வந்தார். இளைத்துவிட்டாய் என்றார். குழந்தையை விசாரித்தார். தச்சூர் கூட்ரோடுக்குப் பக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு மேலே சொந்தமாக இடம் பிடித்திருப்பதாகச் சொன்னார். “அங்க எந்த அசோசியேஷனும் இல்ல. யாரும் வரலாம். நீ கண்டிப்பா வரணும்” என்றார். போகக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் இரண்டு வருடமாக என் முதுகை யாரும் தொட்டு, இங்கே நிமிர், அங்கே தளர்த்து என்று சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய ஆசை என்று செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த மதிய ஷிப்ட் வாரத்தில் போனேன்.

பெரிய கூடம். மர நிறத்தில் தரை. எனக்கு ஜன்னலோரமாகவே இடம் கிடைத்தது. பல் டாக்டர் அம்மாவும் இருந்தார். என்னைப் பார்த்ததும், “எவ்வளவு நாளாச்சு! ஏன் வர்றதையே நிறுத்திட்டீங்க?” என்று கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அவருக்குத் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. நான் சிரித்துவைத்தேன்.

செய்யத் தொடங்கியதும் எல்லாம் மறந்துபோனது. டீச்சர் என் பின்னால் வந்து உட்கார்ந்து தோளைத் திருப்பிவிட்டபோது, முதுகெலும்பு ஒவ்வொன்றாக இடம் மாறி உட்காருவது தெரிந்தது. தினமும் செய்கிறாய்தானே, உடம்பு சொல்கிறது என்றார் மெதுவாக. ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு யார்மேலும் வருத்தம் இல்லை.

முடித்துவிட்டுப் பாயைச் சுருட்டும்போது பக்கத்துப் பாய்ப் பெண் பேச்சுக் கொடுத்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். எங்கள் சிப்காட்டிலேயே ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இருக்கிறாளாம், புதிதாகச் சேர்ந்தவள். முதல் நாளே இவ்வளவு செய்கிறீர்களே என்று ஆச்சரியப்பட்டாள். வீட்டில் தனியாகச் செய்கிறேன் என்றேன்.

“தனியாவா? ஐயோ, மேடம் அது மட்டும் கூடாதும்பாங்கக்கா. முன்னாடி ஒரு அக்கா வந்தாங்களாம். ஃபேக்டரில வேல. சூப்பரா வந்தாங்களாம். அப்புறம் நான் வீட்லயே செஞ்சுக்கிறேன்னு சொல்லி அவங்களா நின்னுட்டாங்களாம். அவ்ளோதான், எல்லாமே போயிடுச்சாம். கிளாஸுக்கு வராம இருந்தா அப்படித்தான் ஆகும்னு புதுசா சேர்றவங்க எல்லார்ட்டயும் சொல்வாங்க.”

நான் பாயைச் சுருட்டி முடித்தேன். பிரித்துத் திரும்பவும் சுருட்டினேன். கூடம் காலியானதும் டீச்சரிடம் போனேன். அவரிடம் பேசும்போது என் பேச்சை எப்போதும் கொஞ்சம் திருத்திப் பேசுவேன். அன்று அது வரவில்லை.

“அந்த ஃபேக்டரி அக்கா யாரு மேடம்?”

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உன் பேரை நான் எங்கயும் சொன்னதில்லம்மா.”

“நானா நின்னேன்? நீங்கதானே தனியா செஞ்சுக்கோன்னு அனுப்புனீங்க. இன்னிக்கி வரைக்கும் செஞ்சுக்கினுதான் இருக்கேன். எதுவும் போவல.”

“வேற என்னன்னு சொல்லச் சொல்றே? உன்ன வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா சொல்ல முடியும்? அது உனக்குத்தானே அசிங்கம்?”

“எனக்கு இன்னா அசிங்கம்?” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை என்று தோன்றியது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே இத்தனை பேரிடமும் அதைச் சொல்லியிருக்கிறார். துரத்தியவர்களுக்கு இல்லாத அசிங்கம், துரத்தப்பட்டவளுக்கு இருக்கிறது என்று அவர் மனதார நம்பினார். செயலாளர் மனைவியின் சிரிப்பைக்கூட என்னால் ஒரு நாள் மறக்க முடியும். இந்த நல்ல மனதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு வா, நிதானமாகப் பேசலாம் என்றார். நான் படியிறங்கிவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண் நின்றிருந்தாள். செருப்பு மாட்டும்போது காதில் விழுந்திருக்கிறது போல. என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் போனையே நோண்டினாள். பிறகு, “அந்த அக்கா நீங்கதானா?” என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். கேட், பாத்ரூம் பலகை, டாக்டர் கார் எல்லாம். அவள் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

“இவங்க இப்பிடின்னு தெரியாதுக்கா. நான் வேற எங்கனா பாத்துக்கவா?”

இந்தப் பக்கத்தில் மாதவரம் வரைக்கும் இந்த முறையைச் சொல்லித்தர வேறு ஆள் கிடையாது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டதால்தான் சேர்ந்தேன் என்று அவளே சொல்லியிருந்தாள். அந்த வலி எனக்குத் தெரியும்.

“வேணாம். நல்லா சொல்லித் தருவாங்க. விடாம போ” என்றேன்.

அவள் நன்றிக்கா என்றாள். அவள் முகத்தில் வந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. இவங்க வேண்டாம் என்று இன்னும் இரண்டு தடவையாவது அவள் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அவளுடைய கம்பெனி பஸ் முதலில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. நான் பாயை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன்.